பல் பிடுங்காத டொக்டர்

எங்கள் ஆஸ்பத்திரியில் அவருக்குப் "பல் பிடுங்காத டொக்டர்" என்று பேர். பகிடிக்கு வைத்த பேர். பல் டொக்டர் என்றால் பல் பிடுங்க வேண்டும், பிடுங்காதவருக்கு எதற்குச் சம்பளம் என்று மருந்து கொடுக்கிற இடத்தில் இருந்தவர்கள் சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன். அவருடைய அறையைக் கூட்டித் துடைத்து, கருவிகளை அவித்து, எக்ஸ்ரே படங்களைக் கழுவிக் கொடுத்தவள் நான்தான். அவருடைய சொந்தப் பேரை இங்கே எழுதமாட்டேன். எழுதினால் இன்றைக்கும் யாராவது போய் அவருடைய கதவைத் தட்டுவார்கள்.

அந்த டொக்டர் மனிசி என் கணவருடைய கடைவாய்ப் பல்லைக் காப்பாற்றினார். என் கணவரை யாரும் காப்பாற்றவில்லை. அவரைக் கொண்டுபோனவர்கள் திருப்பித் தரவும் இல்லை. இந்த இரண்டையும் சேர்த்துத்தான் என்னால் அந்த மனிசியைப் பற்றிச் சொல்ல முடியும்.

நல்ல குணம் என்று சொல்ல மாட்டேன். காலையில் வணக்கம் சொன்னால் தலையாட்டவும் மாட்டார். குட்டையான ஆள், தடித்த கண்ணாடி, நின்றபடியே பிஸ்கட் தின்பார். கோபம் வந்தால் கத்தமாட்டார், குரல் இறங்கிவிடும். அதுதான் பயம். அவர் வாயில் அடிக்கடி வந்த சொல் "இன்னும் முடியேல்ல" என்பதுதான். வெளியே வாங்குப் பலகையில் நிறையச் சனம் காத்திருக்கும். ஒரு பல்லைப் பிடுங்க ஐந்து நிமிடம் போதும். அதே பல்லின் வேரைக் கழுவிக் காப்பாற்ற மூன்று தரம் வரவேண்டும், தரத்துக்கு ஒரு மணித்தியாலம். ஆஸ்பத்திரிக்குப் பொறுப்பான பெரிய டொக்டர் வந்து கதவில் நின்று, "என்ன, இன்னும் அதே ஆளா?" என்று கேட்பார். இவர் திரும்பிப் பார்க்காமலே, "அதே ஆள்தான். அதே பல்லுத்தான். இன்னும் முடியேல்ல" என்பார்.

பல்லுக்குள் இருக்கிற நரம்பு செத்தால் வேரின் துவாரத்துக்குள் அழுக்குச் சேரும். அதை மயிர் போன்ற மெல்லிய அரங்களால் ராவி எடுக்க வேண்டும். எவ்வளவு ஆழம் ராவுவது? அரத்தின் மேலே ஒரு சின்ன ரப்பர் வளையத்தை வைத்து, அதை வேருக்குள் விட்டு, படம் எடுக்கச் சொல்வார். இருட்டுப் பெட்டிக்குள் கையை விட்டு, அந்தப் படத்தை இரண்டு மருந்துத் தண்ணீரில் தோய்த்து நான் கொண்டுவர வேண்டும். அதற்குள் எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறேன், "டொக்டர், இத்தனை வருசம் செய்த கை, தெரியாதா?" என்று.

"கை பொய் சொல்லும்கா. படம் வரட்டும்."

அரை மில்லிமீற்றர் பிழைத்தாலும் திரும்ப எடுப்பார். பிறகு உடுப்பு வெளுக்கிற குளோரின் தண்ணீரை ஊசியால் விட்டு விட்டுக் கழுவுவார். ஊசியை வேருக்குள் இறுக்காமல், துளித் துளியாக. ஒருமுறை, கெதியாய் அழுத்தினால் என்ன என்று கேட்டேன். "அடியால வெளியில போய் எலும்பைச் சுடும். உங்கட முகத்தில ஒருக்காச் செய்து காட்டவா?" என்றார். அதற்குப் பிறகு நான் கேட்கவில்லை.

ரப்பர் துண்டு இன்னொரு சண்டை. பல்லைச் சுற்றி ஒரு ரப்பர் துண்டை விரித்துக் கவ்வி போட்டுவிடுவார். அந்தப் பல் மட்டும் துளைக்குள்ளால் மேலே தெரியும். துப்பல் உள்ளே போகாது, அரம் கைதவறினால் தொண்டைக்குள் விழாது. ஒருநாள் ஒரு ஆள் வந்தார். சில காலம் தடுப்புக் காவலில் இருந்துவிட்டு வந்தவர். ரப்பரை வாயில் போட்டதும் கதிரையை உதைத்துக்கொண்டு எழும்பிவிட்டார். எனக்கு விளங்கியது, அவருடைய வாயை முன்பும் யாரோ மூடியிருக்கிறார்கள். "டொக்டர், இவருக்கு மட்டும் ரப்பர் இல்லாமச் செய்யுங்க, பாவம்" என்றேன். அந்த மனிசி என்னைப் பார்த்த பார்வை!

"பாவமெண்டா அரைகுறையாச் செய்யிறதா?"

அந்த ஆளின் கையில் ஒரு கண்ணாடியையும் ரப்பரையும் கொடுத்தார். "நீங்களே போடுங்க. நீங்களே கழட்டுங்க. ஏலுமெண்டு சொல்லும்வரைக்கும் நான் தொடமாட்டன்" என்று சொல்லிவிட்டுப் பக்கத்தில் நின்று பிஸ்கட் தின்றார். அந்த மனிதர் அன்று போட்டுப் போட்டுக் கழற்றினார். அடுத்த கிழமை வந்து, தானே போட்டுக்கொண்டு படுத்தார்.

என்னை ஒருமுறை அழவைத்தார். கருவிகளை நீராவியில் அவிக்கும்போது கரண்ட் போய்விட்டது. வெளியே சனம் சத்தம் போட்டது. நான் சூடாக இருந்த பொட்டலங்களை எடுத்து, "அவிஞ்சிட்டு டொக்டர்" என்று கொடுத்தேன். அவர் பொட்டலத்தில் ஒட்டியிருந்த நாடாவைப் பார்த்தார். சரியாக அவிந்தால் அதில் கறுப்புக் கோடு வரும். வரவில்லை. கதவைத் திறந்து, காத்திருந்த எல்லாரிடமும், "இண்டைக்கு வேலையில்ல. கருவி சுத்தமில்ல. நாளைக்கு வாங்க" என்றார். என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. ஆனால் சனம் போனபிறகு, "நீங்க பொய் சொன்னது எனக்கில்ல, அவங்கட வாய்க்கு" என்றார். எனக்கு ஆத்திரம் வந்தது. கூலி விட்டுவிட்டு வந்த சனத்தைத் திருப்பி அனுப்புகிறாளே என்று திட்டிக்கொண்டே வீட்டுக்குப் போனேன். திட்டினாலும் பொய் சொன்னது நான்தான்.

தன்னையும் விடமாட்டார். ஒரு அரசாங்கக் கச்சேரி உத்தியோகத்தரின் வேருக்குள் அரம் உடைந்து நின்றுவிட்டது. ஊசி முனையளவு துண்டு. அந்த ஆளுக்குத் தெரியவே தெரியாது. சொல்லாமல் விட்டிருக்கலாம். அவரை எழுப்பி உட்காரவைத்து, படத்தை வெளிச்சத்தில் காட்டி, "இது உடைஞ்ச அரம். உடைச்சது நான். இனி இதைச் சுத்திச் செய்யப்போறன், சரிவராட்டிப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுவன்" என்றார். நோயாளி அட்டையிலும் அப்படியே எழுதினார். அந்த ஆள் பெரிய டொக்டரிடம் போய் முறைப்பாடு கொடுத்தார். "எழுதாம விட்டிருக்கலாமே" என்று பெரிய டொக்டர் கேட்டதற்கு, "எழுதாட்டி மறுகா பார்க்கிறவன் எதை நம்புவான்?" என்று இவர் கேட்டார்.

சுனாமி வந்தபோது எங்கள் அறைக்குள்ளும் முழங்காலளவு தண்ணீர் வந்துபோனது. இந்தப் பக்கம் கடல், அந்தப் பக்கம் வாவி, நடுவில் ஒரு துண்டு நிலம், அதில்தான் ஆஸ்பத்திரி. நானும் அவரும் சேற்றுக்குள் இருந்து அட்டைகளைப் பொறுக்கிக் கயிற்றில் காயப்போட்டோம். அந்த நாட்களில் பள்ளிக்கூடங்களில் தங்கியிருந்த சனத்துக்கு உதவி செய்ய எங்கிருந்தோ குழுக்கள் வந்தன. ஒரு குழு கதிரைகளை வரிசையாக வைத்துப் பல் பிடுங்கியது. நல்ல பல், கெட்ட பல் என்று பார்க்க அவர்களுக்கு நேரமில்லை. வலிக்கிறதா, பிடுங்கு. வீடிழந்த சனம், பிள்ளையைப் பறிகொடுத்த சனம், வாயைத் திறந்துகொண்டு வரிசையில் நின்றது. இலவசமாக வந்த எதையும் வேண்டாம் என்று சொல்லத் தெரியாத நாட்கள் அவை.

டொக்டர் போய் வரிசையின் நடுவில் நின்றார். ஒவ்வொருவராக வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்து, "நீங்க என்ட அறைக்கு வாங்க, இது இரிக்கவேண்டிய பல்லு" என்று ஆட்களை இழுத்துக்கொண்டு வந்தார். குழுவின் தலைவர் கோபப்பட்டார். இவர் சொன்னது எனக்கு இன்னும் பாடம்: "உங்கட ஊரில உங்கட அம்மாவுக்கு இந்தப் பல்லைப் பிடுங்குவீங்களா? இல்லையெண்டா இங்கயும் பிடுங்காதீங்க."

என் கணவர் அன்று கரையில் இடிபாடு அகற்றும் வேலைக்கு வந்திருந்தார். டொக்டர் போய்ச் சேரும் முன்னமே அவருடைய இடப்பக்கக் கீழ்க் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிவிட்டார்கள். டொக்டர் அந்தக் குழியைப் பார்த்துவிட்டு என்னிடம், "காப்பாத்தியிருக்கலாம்" என்றார். அவ்வளவுதான். எனக்கு அது குத்தியது.

எங்கள் வீடு வாவிக்கு அந்தப் பக்கம், பழுகாமத்தில். எங்களுக்குப் பிள்ளை இல்லை. அவருக்கு வயல், எனக்கு ஆஸ்பத்திரி. வாவியைக் கடக்கிற இழுவைப் படகை நாங்கள் பாதை என்போம். தினமும் பாதையில் வந்து பாதையில் போவேன். அந்தப் பக்கம் இயக்கத்தின் ஆட்சி, இந்தப் பக்கம் அரசாங்கத்தின் ஆட்சி. இரண்டு கரையிலும் பையைத் திறந்து காட்ட வேண்டும்.

சுனாமிக்கு இரண்டு வருசம் கழித்து என் கணவருடைய வலப்பக்கக் கடைவாய்ப் பல்லும் வலிக்கத் தொடங்கியது. டொக்டர் திறந்தார், முதல் தரம் கழுவினார், மருந்து வைத்துத் தற்காலிகமாக மூடினார். அடுத்த கிழமை வரச் சொன்னார். வலி போய்விட்டது. எங்கள் சனத்தின் பிழை இதுதான். வலி போனால் வேலை முடிந்தது என்று நினைப்பார்கள். என் கணவரும் அப்படித்தான். "ஒண்டுமில்ல புள்ள, சுகமா இரிக்கி. அறுவடை முடியட்டும்" என்றார். நானே அந்த அறையில் வேலை செய்கிறவள். நானும் விட்டுவிட்டேன்.

அறுவடை முடியவில்லை. சண்டை மூண்டு பாதையை மூடினார்கள். நான் இந்தக் கரையில் மாட்டிக்கொண்டு ஆஸ்பத்திரி விடுதியில் படுத்தேன். இரண்டு கிழமையில் அந்தப் பக்கமிருந்து வந்த ஒருவர், "உன்ட மனிசனுக்கு முகம் வீங்கி ஒரு கண் தெரியேல்ல. தண்ணியும் விழுங்க ஏலா" என்று சொன்னார். நான் டொக்டரிடம் ஓடினேன். அவர் அட்டையை எடுத்துத் தேதியைப் பார்த்தார். "வரச் சொன்ன நாளில வந்திருந்தா..." என்று தொடங்கி, என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். வாவியைக் கடக்க விடச் சொல்லிப் பெரிய டொக்டரிடம் கடிதம் வாங்கினார்.

காலையில் நாங்கள் இருவரும் காவலரணில் நின்றோம். சிப்பாய், அவித்து ஒட்டியிருந்த பொட்டலத்தைக் காட்டி என்ன என்று கேட்டான். பிரிக்க வேண்டாம் என்று டொக்டர் சிங்களத்தில் சொன்னார். அவன் கத்தியால் கீறித் திறந்து அரங்களைக் கையில் கொட்டிப் பார்த்தான். பிறகு, சரி போ என்று கைகாட்டினான். டொக்டர் போகவில்லை. திரும்பி நடந்தார்.

"டொக்டர்! அவர் அங்க சாகக் கிடக்கிறார்!" நான் நடு றோட்டில் கத்தினேன்.

"அவன்ட கை பட்ட அரத்தை உங்கட மனிசன்ட எலும்புக்குள்ள விடச் சொல்றீங்களா?"

அன்று நான் அந்த மனிசியை வெறுத்தேன். கெட்ட வார்த்தையும் சொன்னேன். அவர் அறைக்கு வந்து தானே கருவிகளைக் கழுவி, அவித்து, கறுப்புக் கோடு வரும்வரை நின்று பார்த்தார். வீக்கத்துக்கு மாத்திரையை மட்டும் தெரிந்த ஒருவர் கையில் முன்னால் அனுப்பிவைத்தார். அடுத்த நாள் காலையில் அதே காவலரண், அதே சிப்பாய். டொக்டர் பொட்டலத்தை அவனுடைய முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு நின்றார். "திறந்தால் திரும்பிப் போவேன். நாளைக்கும் வருவேன். நாளன்றைக்கும் வருவேன்" என்றார். அவன் சலித்துப்போய் விட்டுவிட்டான்.

பழுகாமத்தில் எங்கள் வீட்டு முற்றத்தில் கதிரையைப் போட்டு, வெயில் வெளிச்சத்தில் பல்லைத் திறந்தார். சீழ் வந்தது. என் கணவர் பெருமூச்சு விட்டார். தூரத்தில் ஷெல் விழுகிற சத்தம் கேட்டது. "பிடுங்கி எறிங்க டொக்டர்" என்றார் அவர். "நாளைக்கு ஷெல் விழுந்தா எனக்குப் பல்லு என்னத்துக்கு?"

"விழாட்டி எதால சாப்பிடுவீங்க? மற்றப் பக்கத்தையும் குடுத்திட்டீங்களே."

அவருக்கு அந்த வீங்கின முகத்தோடும் சிரிப்பு வந்தது. நான்தான் சிரிக்கவில்லை. "இண்டைக்கே மூடி முடிச்சிட்டுப் போங்க, இனி எப்ப வாறது?" என்று கேட்டேன். டொக்டர் காகிதக் குச்சியை வேருக்குள் விட்டு எடுத்துக் காட்டினார். நுனி நனைந்திருந்தது. "ஈரம் வருது. ஈரத்தை உள்ள வச்சு மூடினா இதே கதைதான். இன்னும் முடியேல்ல." மருந்து வைத்துத் தற்காலிகமாக அடைத்துவிட்டு, அட்டையில் எழுதிக்கொண்டு எழும்பினார்.

சில மாதத்தில் அந்தக் கரை முழுவதும் வாவியைக் கடந்து ஓடிவந்தது. என் கணவரும் வந்து அகதி முகாமில் சேர்ந்தார். பாஸ் இல்லாமல் யாரையும் வெளியே விடமாட்டார்கள். நான் பின்னேரங்களில் போய்க் கம்பி வேலிக்கு இந்தப் பக்கம் நின்று கதைப்பேன். டொக்டருக்குச் சொன்னதும் அட்டையோடு முகாம் வாசலுக்கு வந்துவிட்டார். முகாமில் ஒரு பல் பிரிவு இருந்தது, அதுவும் பிடுங்குகிற பிரிவுதான். டொக்டர், எங்கள் அறைக்குக் கொண்டுபோய்ப் படம் எடுக்க வேண்டும், வெளியே விடுங்கள் என்றார். பொறுப்பதிகாரி ஒரு தமிழர். என் கணவரைக் கூப்பிட்டு, "வலிக்குதா?" என்று கேட்டார்.

பொய் சொல்லத் தெரியாத மனிதர். "இல்ல" என்றார்.

"வலியே இல்ல. ஒரு பல்லுக்குப் பாஸ் கேக்கிறீங்க. இங்க சனம் தண்ணிக்கு அடிபடுது, டொக்டர்."

"வலி இல்லாட்டித்தான் எல்லாரும் விட்டிருவாங்க. அதுதான் அவசரம். நீங்க தண்ணியைக் குடுங்க, நான் பல்லைப் பாக்கிறன். ஒண்டு செய்தா மற்றது செய்யக் கூடாதெண்டு எங்க எழுதியிரிக்கி?"

வாசலில் ஒரு கதிரையைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். மத்தியானம் வெயில் தலையில் அடித்தது. நகரவில்லை. போகிற வருகிற வாகனத்துக்கெல்லாம் அந்தக் கதிரை இடைஞ்சல். பின்னேரம், காவலுக்கு ஒரு ஆளோடு இரண்டு மணித்தியாலம் என்று பாஸ் எழுதிக் கொடுத்தார்கள்.

அந்த இரண்டு மணித்தியாலத்திலும் அவர் அவசரப்படவில்லை. மூன்று துவாரத்தையும் அளந்து கழுவினார். பிறகு நிறுத்திவிட்டுப் பல்லுக்குள் தெரிந்த அடியையே பார்த்துக்கொண்டிருந்தார். காவலுக்கு வந்தவன் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினான். "மூணுக்கு மேல இரிக்கி" என்றார் டொக்டர். பின் வேரில், கன்னத்துப் பக்கம், மண்ணிறக் கோடு ஒன்று ஓடியது. அந்தக் கோட்டை ஊசி முனையால் தொட்டுத் தொட்டுப் போனார். ஓரிடத்தில் முனை சிக்கியது. நான்காவது துவாரம். ஒளிந்திருந்து வீக்கம் கொடுத்தது அதுதான். அளந்து, கழுவி, காகிதக் குச்சி காய்ந்து வரும்வரை துடைத்து, நாலையும் அடைத்து, மேலே உறுதியாகக் கட்டிமுடித்தார். நான் படத்தைக் கழுவிக் கொண்டுவந்தேன். வெள்ளைக் கோடு நாலு, வேரின் நுனிக்குச் சற்று முன்னால் நிற்கின்றன. ஒன்று மட்டும் அடியில் கொக்கி மாதிரி வளைந்திருந்தது.

"முடிஞ்சிது" என்றார். அந்தச் சொல்லை அவர் வாயால் நான் அதிகம் கேட்டதில்லை. "ஒரு வருசத்தில வாங்க. எலும்பு ஆறியிரிக்கா எண்டு படம் எடுத்துப் பாக்கோணும். அதுக்குப் பிறகுதான் உண்மையா முடிஞ்சிது."

அந்த மாதம் முடியுமுன் இலக்கத்தகடு இல்லாத வான் வண்டி ஒன்று முகாமுக்கு வந்தது. ஐந்து பேரை ஏற்றியது. அதில் என் கணவர் ஒருவர். ஏற்றியவர்கள் யார் என்று எழுத எனக்குப் பயமில்லை, ஆனால் முகத்தை மூடியிருந்தார்கள். நான் முகாம், பொலிஸ், படை என்று எல்லா வாசலிலும் நின்றேன். "நாங்க எடுக்கேல்ல" என்ற பதில்தான் எல்லா வாசலிலும்.

டொக்டர் எனக்கு ஆறுதல் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அடித்திருப்பேன். ஒரு வருசம் முடிந்த அன்று காலை, என் கணவருடைய அட்டையை எடுத்து மேசையில் வைத்துவிட்டு, அவருக்குக் குறித்த நேரத்துக்கு வேறு ஆளை எடுக்காமல் கதிரையை வெறுமையாக விட்டிருந்தார். பதிவு எழுதுகிற லிகிதர் வந்து, வராத ஆளின் அட்டையில் "சமுகமளிக்கவில்லை" என்று எழுதி மூடச் சொன்னார்.

"வரேல்ல எண்டு எழுதமாட்டன்" என்றார் டொக்டர். "வரவிடேல்ல." முகாமிலிருந்து கொண்டுபோகப்பட்டதால் பரிசோதனைக்கு வர முடியவில்லை என்று எழுதி, தேதி போட்டு, கையெழுத்து வைத்தார்.

அது எப்படி வெளியே போனதோ தெரியாது. இரண்டு பேர் வந்தார்கள். மரியாதையாகத்தான் கதைத்தார்கள். அந்த ஒரு வரியை வெட்டிவிடச் சொன்னார்கள். டொக்டருடைய குரல் இறங்கியது. "அரம் உடைஞ்சதையே நான் வெட்டேல்ல" என்றார். அவர்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. எனக்கு விளங்கியது.

இடமாற்றம் வந்தது. சாமான் கட்டும்போது என்னைக் கூப்பிட்டு, நாலு கோடு உள்ள படத்தையும் ஒரு கடிதத்தையும் தந்தார். கடிதத்தில் நாலு துவாரத்தின் நீளமும், வளைவும், இடப்பக்கத்தில் பிடுங்கின பல்லும் எழுதியிருந்தன. "இது ஆஸ்பத்திரிச் சாமான். ஆரும் கேட்டா நான் களவெடுத்துத் தந்தன் எண்டு சொல்லுங்க. இப்பிடி ஒரு வாய் வேற ஆருக்கும் இரிக்காது." பிறகு பஸ் ஏறிப் போய்விட்டார். இரண்டு கடிதம் போட்டேன். பதில் இல்லை. உயிரோடு இருக்கிறாரோ தெரியாது.

போர் முடிந்தது என்று வெடி கொளுத்தினார்கள். அதற்குப் பிறகு என்னை ஒரு அலுவலகத்துக்குக் கூப்பிட்டார்கள். கெட்ட பொடியன் இல்லை, இளம் உத்தியோகத்தர், கதிரை தந்தார். ஒரு தாளை நீட்டினார். என் கணவருக்கு மரணச் சான்றிதழ்.

"இதில கையெழுத்து வைங்க அக்கா. உதவியெல்லாம் வரும். எவ்வளவு காலம் இப்பிடியே இருப்பீங்க?"

"என்னத்தைப் பாத்துச் செத்தார் எண்டு எழுதினீங்க தம்பி?"

"இவ்வளவு காலம் வரேல்லத்தானே."

"வராத ஆளெல்லாம் செத்த ஆளா? எலும்பு இரிக்கா? தாடை இரிக்கா? காட்டுங்க. நான் பாத்துச் சொல்றன்."

"நீங்க எப்பிடியக்கா பாத்துச் சொல்லுவீங்க?"

பையிலிருந்து படத்தை எடுத்து அவரிடம் கொடுத்தேன். அவர் அதைத் தலைகீழாகப் பிடித்து, நடுவில் பெருவிரலை அழுத்தினார்.

"ஓரத்தில பிடிங்க தம்பி" என்றேன். "விரல் அடையாளம் விழுந்தா நாலாவது கோடு தெரியாது. இன்னும் எத்தனை பேருக்கு நான் இதைக் காட்டவேண்டியிரிக்கோ."

அவர் படத்தைத் திருப்பி, ஓரத்தில் பிடித்து, யன்னல் வெளிச்சத்துக்கு நேரே உயர்த்தினார். கையெழுத்து வைக்காத தாள் மேசையில் கிடந்தது.